பத்தொன்பதாம் எண் பேட்ஜ்

உங்கள் நாற்காலி ஆடுகிறது, ஐயா. இடது பின்கால். ஒரு அட்டையை நாலாக மடித்து வைத்தால் சரியாகிவிடும். இந்தக் காவல் இலாகாவின் பொருளறையில் இருபத்தாறு வருஷம் எழுத்தராக இருக்கிறவன் நான். இப்படிப்பட்டவைதான் முதலில் கண்ணில் படுகின்றன.

பழைய காவலர் பேட்ஜ் சேர்ப்பது என் பொழுதுபோக்கு. உங்கள் சட்டையில் இருப்பது தகரம். நான் சொல்வது பித்தளை. முன்பு இந்த வட்டாரத்தில் நான்கு நகரங்களுக்கும் தனித்தனிக் காவல் படை, தனித்தனிச் சின்னம், வரிசை எண். பிறகு நான்கையும் ஒன்றாக்கினார்கள். ஏற்கெனவே பணியில் இருந்தவர்கள் ஓய்வுவரை பழைய பேட்ஜையே குத்திக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

எங்கள் சேகரிப்பாளர் சங்கத்தில் பதினோரு பேர். அதில் நான்கு பேர் முன்னாள் தலைவர்கள், ஆறு பேர் வருங்காலத் தலைவர்கள். அந்தப் பெரிய மனிதர்களில் ஒருவரிடமும் ஒரு நகரத்தின் முழு வரிசை கிடையாது. என்னிடம் ஆற்றங்கரை நகரத்தின் இருபத்துநான்கில் இருபத்துமூன்று இருந்தன. கறுப்பு வெல்வெட் பலகையில் பத்தொன்பதாம் குழி மட்டும் பல் விழுந்த வாய்போல் இளித்துக்கொண்டிருந்தது.

பத்தொன்பது தொலைந்துபோயிருந்தால் மனம் ஆறியிருக்கும். அது ஞாயிறுதோறும் டியூட்டி முடிந்து நேராக என் வீட்டுக்குச் சாப்பிட வந்தது, என் தங்கை கணவரின் நெஞ்சில்.

மாப்பிள்ளை நேர்மையானவர். அதை அவரே சொல்லிவிடுவார். மற்றவர்கள் சொல்லும்வரை காத்திருக்கப் பொறுமை கிடையாது.

ஓய்வு பெறுகிறவர் பேட்ஜை ஒப்படைக்க வேண்டும், அதிகாரியின் முன்னிலையில் உருக்கிவிடுவார்கள். பணியில் இருக்கும்போது இறந்தால் மட்டும் கண்ணாடிச் சட்டம் போட்டு மனைவியிடம் கொடுப்பார்கள். இந்த விதியை நான் எழுதவில்லை. என்னிடம் இருந்தவை விதவைகளிடமும், தொலைந்ததாக எழுதிக் கொடுத்தவர்களிடமும் வாங்கியவை.

அவருடைய ஓய்வுக்கு ஐந்து வாரம் இருக்கும்போது கேட்டேன்.

"தொலைஞ்சுபோச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க மாப்ளே. ஒரு மெமோ வரும், அவ்வளவுதான்."

"முப்பத்திரண்டு வருஷமா என் சர்வீஸ் புக்குல ஒரு கறை கிடையாது மச்சான். உங்க பொம்மைக் கடைக்காக இப்ப வெச்சுக்கணுமா?"

"எங்க அண்ணன் உங்ககிட்ட வேற என்ன கேட்டுட்டாரு?" என்றாள் தங்கை.

"நீ சும்மா இரு. இன்னைக்கு பேட்ஜைக் கேப்பாரு, நாளைக்குத் தொப்பியைக் கேப்பாரு."

அவள் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன்.

போலி ஒன்று செய்து மாற்றி வைத்திருக்கலாமே என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. நான் சேகரிப்பாளன், ஐயா. போலி, திருட்டு இரண்டும் எனக்கு ஆகாது.

அந்த மாதம் ஆற்றில் வெள்ளம். படகு டியூட்டிக்கு அவரே பேர் கொடுத்தார். கடைசி மாதத்திலும் கடமை தவறாதவர் என்று நாலு பேர் பேச வேண்டுமே. லைஃப் ஜாக்கெட்டை என் கையால்தான் கொடுத்தேன். உள்ளே மக்கிப்போய், தண்ணீரைக் குடித்துக் கனக்கிற பழைய ஜாக்கெட். பிளாஸ்கில் டீயும் கொடுத்தேன். அதில் நான் தூக்கத்துக்குப் போடுகிற மாத்திரைகள் பதினான்கு.

"டீயெல்லாம் போட்டுத் தர்ற ஆளா மச்சான் நீங்க?" என்று தோளில் தட்டினார். அன்றைக்குப் பேசியதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை என்று காட்டுவதில் அவருக்கு ஒரு பெருமை.

படகின் விளிம்பில் உட்கார்ந்தபடியே ஆற்றுக்குள் சாய்ந்தாராம். களைப்பு, வெள்ளம், விபத்து என்று எழுதினார்கள். வேறு சந்தேகம் இல்லாததால் பிரேதப் பரிசோதனை செய்யாமலே உடலைக் கொடுத்துவிட்டார்கள்.

இறுதி மரியாதையில் மேலதிகாரி முக்கால் மணி நேரம் பேசினார். தியாகம் என்ற சொல் ஒன்பது முறை வந்தது. மாப்பிள்ளையின் பெயர் இரண்டே முறை, இரண்டும் தப்பு. கண்ணாடிச் சட்டத்தைத் தங்கையிடம் நீட்டினார். அவள் அதைத் திருப்பி, பின்பக்க ஆணிகளை நகத்தாலேயே நெம்பி, பேட்ஜை எடுத்துப் பெட்டியில் கிடந்த கணவரின் சட்டையில் குத்தினாள்.

"அவரு நெஞ்சுல இருந்தது, அவரோடவே போகட்டும். என்னண்ணே சொல்றீங்க?"

நூறு காவலர்கள் விறைப்பாக நின்றுகொண்டிருந்தார்கள். "சரிம்மா" என்றேன். பெட்டியை மூடினார்கள். மண் போட்டார்கள். நானும் ஒரு பிடி போட்டேன்.

அது எட்டு மாதத்துக்கு முன்பு. போன வாரம் புதைகுழியைத் திறக்க என்ன வழி என்று நகராட்சி அலுவலகத்தில் விசாரித்தேன். மரணத்தில் சந்தேகம் என்று காவல்துறை எழுதிக் கேட்டால்தான் முடியும் என்றார் அங்கிருந்த குமாஸ்தா. வேறு வழியே இல்லையாம்.

யாரும் என்னைச் சந்தேகிக்கவில்லை. நானாகத்தான் வந்திருக்கிறேன். காரணம் மனசாட்சி என்று எழுதிக்கொள்ளுங்கள். ஜாக்கெட்டை அன்றே எரித்துவிட்டேன். இனி சான்று என்றால் உடல்தான். மாத்திரையின் சுவடு முடியிலும் எலும்பிலும் தங்கும் என்று படித்திருக்கிறேன். நீங்கள் தோண்டித்தான் ஆக வேண்டும்.

மண்வெட்டியை மட்டும் பார்த்துப் போடச் சொல்லுங்கள். இடது மார்புப் பக்கம் கையால் அள்ளினால் நல்லது. ஈர மண்ணில் எட்டு மாதம் என்பது பித்தளைக்கு அதிகம்.

வழக்கு முடிந்ததும் பேட்ஜ் தங்கையிடம்தான் போகும். அதனால் ஒன்றுமில்லை. அவளுக்கு நான் ஒரே அண்ணன், கேட்டால் கொடுத்துவிடுவாள்.