கழற்றிய பெட்டியின் ஆட்சி

1. பேசுபவன் இம்மருத்துவமனையின் சட்ட ஆலோசகன்.
2. எவர் தூண்டுதலுமின்றி, சுயநினைவோடு பேசுகிறேன்.

தலைமை ஏற்றுவிட்டு, தலைமை எங்கே என்று தாமும் தேடிக்கொண்டிருக்கும் தலைவர் அவர்களே, அவரைச் சூழ்ந்து தேட உதவும் ஆறு நிர்வாகப் பெருமக்களே, முன்வரிசைப் பெரியோரே, பணி முடிந்தும் வீடு செல்ல விடப்படாத தாய்மார்களே, வணக்கம்.

இக்கட்டடத்தில் முப்பது கணினி இணைப்புப் பெட்டிகள் உள்ளன. பரிசோதனைக்கூடத்தின் முடிவுகள் வார்டுக்குச் செல்வது அவற்றின் வழியே. செய்தி சுற்றிச் சுற்றி வராதிருக்க, அவை தமக்குள் ஒரு மரம் அமைக்கின்றன. மிகச் சிறிய எண் கொண்ட பெட்டியே வேர். எந்தப் பெட்டியும் முழுக் கட்டடத்தையும் கண்டதில்லை. பக்கத்துப் பெட்டியை வினவும். அது சொல்லும் வேரை ஏற்கும். வேருக்கு அது சொல்லும் தூரத்தோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ளும். எத்தனை குழம்பிய நிலையில் தொடங்கினாலும் தானே சீராகும். விசாரணைக் குழு வேண்டியதில்லை. கைதட்டாதீர்கள், குழு மேடையில்தான் இருக்கிறது.

சென்ற மாதம் ஒன்றாம் எண் பெட்டி பழுதாகி அலமாரிக்குச் சென்றது. கழற்றிய பெட்டி கட்டளையிடுமா? அலமாரியில் கிடப்பது ஆட்சி செய்யுமா? செய்தது ஐயா! அதுவே வேர் என்றன மற்றவை. சொன்னது யார்? பக்கத்துப் பெட்டி. அதற்குச் சொன்னது? அதன் பக்கத்துப் பெட்டி. தூரம் நூறானது, ஆயிரமானது. முடிவுகள் முடிவின்றிச் சுற்றின. இரத்தப் பரிசோதனைத் தாள்களோடு செவிலியர் நான்கு மாடி ஏறினர்.

இதைத் தடுக்க நம் வலைப்பணிப் பொறியாளர் அம்மையார் முன்பே ஒரு வரம்பு வைத்திருந்தார். பெட்டிகளே முப்பது, எனவே தூரம் முப்பதை எட்டினால் அது பொய், தள்ளு. பெட்டி பழுதாவதற்குச் சில நாள் முன்பு நிர்வாக மேலாளர் அவரை அழைத்தார்.

"எதுக்கும்மா இந்த முப்பது? ஆஸ்பத்திரி வளரப் போகுது. எடுத்துடுங்க."

"எடுத்தா செத்த பெட்டி சாகாது சார்."

"ஆஸ்பத்திரியில உக்காந்துகிட்டு சாவைப் பத்திப் பேசாதீங்கம்மா."

வரம்பு போனது, விளைவு வந்தது. அம்மையார் வரம்பைத் திரும்ப வைத்தார். ஒரே நிமிடத்தில் இரண்டாம் எண் பெட்டி வேரானது. பரிசு? பணிநீக்க ஆணை. பதினோரு ஆண்டுப் பணி இன்று மாலை ஐந்து மணியோடு முடிகிறதாம். காரணம்: 'மேலிடத்து முடிவு'.

பின்வரிசையில் "மேலிடம்னா யாரு, பேரைச் சொல்லுங்க சார்" என்கிறார்கள். பொறுங்கள். அதையே நேற்று மேடையிலுள்ள எழுவரிடமும் தனித்தனியே கேட்டேன். மேலாளர், "துணை இயக்குநர் சொன்னாருங்க" என்றார். துணை இயக்குநர், "எனக்குப் பக்கத்து ரூம்லேர்ந்து வந்தது" என்றார். அறை அறையாக ஏறினேன். ஏழாமவர் தலைவர். "மேலாளர் சொன்னாரே, நான் கையெழுத்துதானே போட்டேன்" என்றார்.

எழுவர் உள்ள இடத்தில் தூரம் ஏழை எட்டிவிட்டது. செவிவழிச் செய்தியைச் சாட்சியமாக ஏற்க நான் படித்த சட்டம் தயங்குகிறது. வரம்பு திரும்பிய தகரப் பெட்டிகளும் தயங்குகின்றன. தயங்காதவர்கள் இம்மேடையில் மட்டுமே இருக்கிறார்கள்.

ஆகவே, "நீக்கச் சொன்னவன் நானே" என்பவர் கை உயர்த்துக.

...

பதிவு செய்க: எழுவர் கைகளும் மேசைக்கடியில். வேரில்லாத ஆணை செல்லாது. அது செல்லுபடியாகத் தேவையான என் கையொப்பத்தை நான் இடப்போவதில்லை. அம்மையாரே, மூன்றாம் வரிசையில் மேசைப் பொருள்களோடு மடியில் வைத்திருக்கும் அட்டைப்பெட்டியை உங்கள் அறைக்கே கொண்டு செல்லுங்கள்.

பொறுமை காத்த அவைக்கு நன்றி. கை காத்த மேடைக்கும் நன்றி. வணக்கம்.

ஆணையில் இடாத கையொப்பத்தை இங்கே இடுபவன்,
சட்ட ஆலோசகன்

சாட்சிகள்:
1. படியேறிய தலைமைச் செவிலியர்
2. அலமாரிச் சாவி வைத்திருக்கும் கிடங்குக் காப்பாளர்