வேந்தன் தோளுக்கு ஒரு பை

இல்ல பாய், அது வேணாம். நெஞ்சுக்கு குறுக்க கிளிப்பு போடுற மாதிரி கீதே, அத்த பாத்தாலே அவன் பயந்துருவான். யாரோ கட்டிப்போட வராங்கன்னு நெனச்சிக்குவான். பைய பிச்சி எறிஞ்சிட்டு ஓடுனான்னா ஏரிக்கர வரைக்கும் நான்தான் தொரத்தணும். சொம்மா ரெண்டு தோள்லயும் மாட்டுற மாதிரி, வாரு மெத்துமெத்துன்னு, கழுத்த அறுக்காம ஒண்ணு எடுங்க.

எனக்கு இல்ல பாய், என் தம்பிக்கு. அதோ உங்க கடை வாசல்ல பஸ்ஸ பாத்துக்கினு நிக்கிறானே, வேந்தன். தல நரச்சிருச்சே, இவனுக்கு ஸ்கூல் பையான்னு பாக்குறீங்களா? ஒடம்பு மட்டுந்தான் வளந்துது. பேச்சும் வராது, ஆமான்ற ஒரு வார்த்தைய தவிர. எங்கம்மா போறப்ப இவன என் கையில புடிச்சி குடுத்துட்டு போச்சி. எங்கூட்டுக்காரரும் போயி சேந்துட்டாரு, புள்ளகுட்டி இல்ல. நானும் அவனும்தான்.

உள்ளாற வெக்கறதெல்லாம் இந்த கட்டப்பைல கொண்டாந்திருக்கேன். வெச்சி, மாட்டி, நடக்க வுட்டு பாத்துதான் வாங்குவேன், கோச்சிக்காதீங்க. இது பிஸ்கட்டு. இது தண்ணி பாட்டிலு. டார்ச்சு, விசிலு. லுங்கி ஒண்ணு, சட்ட ஒண்ணு, மழ கோட்டு ஒண்ணு. இந்த டப்பால வலிப்பு மாத்திர, காலைல வெள்ள, ராத்திரி மஞ்ச. இது ஆதாரு ஜெராக்ஸு, தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆவாத மாதிரி லேமினேசன் போட்டுட்டேன். மொதல்ல கயிறு, தீப்பெட்டி, அவுலு பொட்டலம் எல்லாம் வெச்சேன். முதுவு வளைஞ்சி போச்சி அவனுக்கு, ஒவ்வொண்ணா எடுத்துட்டேன்.

சிரிங்க சிரிங்க. எங்க தெருவுலயும் இப்டித்தான் சிரிக்கிறாங்க. மிலிட்டரிக்கு போறானா உன் தம்பின்னு கேக்குறாளுங்க.

அந்த புயல் அடிச்சி ஆத்துல தண்ணி வந்துதே, உங்களுக்கு தெரியாததா. எங்க வூட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி. டிராக்டர் வந்துது. பொம்பளைங்க ஒரு வண்டி, ஆம்பளைங்க ஒரு வண்டின்னு ஏத்துனாங்க. இவன் என்கூடதான் வரணும்னு தொண்ட கிழிய கத்துறேன், அந்த மழைல யாரு கேக்குறா. எங்க வண்டி பாகூரு பள்ளிக்கூடத்துக்கு வந்துது. அவன் போன வண்டிய வழில தண்ணி மறிச்சிக்கிச்சாம், அப்டியே கடலூர் பக்கம் திருப்பிட்டாங்க. நம்ம பக்கம்தான் ஒரு வயலு பாண்டி, வரப்ப தாண்டுனா தமிழ்நாடாச்சே. நான் பாண்டி கேம்பு ஒண்ணு வுடாம அலையறேன், லிஸ்ட்ல அந்த பேரே இல்லம்மான்றாங்க. அவன் அந்தாண்ட ஒரு கல்யாண மண்டபத்துல உக்காந்துகினு கீறான்.

பேரு இன்னான்னு அங்க கேட்டிருக்காங்க. அவனுக்கு தெரிஞ்ச ஒரே பதிலு ஆமாதான். ராஜாவாடான்னு எவனோ கேட்டிருக்கான், ஆமான்னிருக்கான். ராஜான்னு எழுதிட்டாங்க. சாப்ட்டியான்னிருக்காங்க, அதுக்கும் ஆமா. எல போட்டு எல்லாருக்கும் சோறு வெச்சிருக்காங்க, இவன் சாப்ட்டுட்டான்னு வுட்டுட்டாங்க. அவங்க மேல தப்பு சொல்ல மாட்டேன், அவங்களுக்கு இன்னா தெரியும். மாத்திர இல்லாம வலிப்பு வந்து, நாக்க கடிச்சிக்கினு மண்டபத்து மூலைல கெடந்தானாம். எங்க ஊருக்கு பூ கொண்டாந்து விக்கிற பொம்பள ஒருத்தி பாத்துட்டு வந்து சொன்னா. அவ மட்டும் சொல்லலன்னா இன்னி வரைக்கும் அவன் ராஜாதான். போயி பாக்குறேன், ஒதடெல்லாம் ரத்தம் காஞ்சி போயி கீது, என்ன பாத்துட்டு சிரிக்கிறான்.

அன்னிலேந்துதான் அவன் தோள்ல பை. தூங்கறப்ப, குளிக்கறப்ப தவிர எறங்கவே கூடாதுன்னு பழக்கிட்டேன். பழக்கறதுக்குள்ள எனக்கு உசுரு போயி உசுரு வந்துது. மாட்டுக்கு புல்லு அறுக்க போனாலும் பை, கோயிலுக்கு கூழு வாங்க போனாலும் பை. மூட்ட, மூட்டன்னு புள்ளைங்க கூப்டுதுங்க, அவனும் ஆமான்றான். ஒழுங்காத்தான் போயிகினு இருந்துது. பாழாப்போன வாரு பிஞ்சிருச்சி. கோணி ஊசி வெச்சி தச்சேன், அந்த முடிச்சு தோள்ல குத்துது. கழட்டி கழட்டி வெக்க ஆரம்பிச்சிட்டான். போன வாரம் கரும்பு கொல்லைல வுட்டுட்டு வெறுங்கையோட வந்து நிக்கிறான். அதான் இன்னிக்கே வாங்கிடணும்னு ஓடியாந்தேன் பாய். குத்துதுன்னா கழட்டலாம்னு ஒரு வாட்டி மனசுல பதிஞ்சிருச்சின்னா அப்புறம் தலகீழ நின்னாலும் மாட்ட வெக்க முடியாது.

படம் போட்டதா? வேணாம் வேணாம். அது அவனுக்கு ரொம்ப புடிக்கும். தெருவுல கீற பசங்களுக்கும் புடிக்குமே, புடுங்கிக்கினு ஓடிருவானுங்க. சைடு பையி சரிப்படாது, ஒரு பக்கமா இழுத்துக்கினு நடப்பான். மேல, அந்த ஊதாவுக்கு பக்கத்துல கீதே கருநீலம், அத்த எறக்குங்க. வாரு நல்லா அகலமா கீது. அழுத்துனா உள்ள போவுது. இதான், இத்த நானே முதுவுல போட்டுக்கலாம் போல கீது.

வேந்தா, இங்க வாடா. பஸ்ஸு எங்கியும் போயிடாது, அடுத்தது வரும், வா. கைய குடு. அந்த கையி இல்ல, இந்தாண்ட கையி. அவ்ளோதான். ஆடாத நில்லு.

கொஞ்சம் கீழ தொங்குது பாய், வார ஏத்துங்க. இன்னும் கொஞ்சம். போதும். டேய், அந்த கம்பம் வரைக்கும் நடந்துட்டு வா. பாருங்க, தோள தூக்கி தூக்கி பாக்குறான். குத்துச்சின்னா இந்நேரம் கீழ வுழுந்திருக்கும். ஜிப்புதான் துக்குணூண்டா கீது, அவன் வெரலுக்கு சிக்காது. பரவால்ல, ரிப்பன் ஒண்ணு கட்டிக்கிறேன். முதுவுல பை கீறதையே மறந்துட்டு போயி பஸ்ஸ பாக்க ஆரம்பிச்சிட்டான், அப்ப இதான்.

பட்டையா எழுதுற பேனா வெச்சிருப்பீங்களே, மழைல அழியாதது. உள்பக்கம் பேரு எழுதி குடுங்க, எனக்கு எழுத்து கோணக்கோணன்னு வரும். கலைவேந்தன். செலியமேடு. அதுக்கு கீழ வலிப்பு வரும், டப்பால மாத்திர இருக்குன்னு எழுதுங்க. ஆங், நல்லா தெரியுது.

போன் நம்பரா? இருங்க. என் நம்பரு வேணாம்.

தங்கச்சி ஒருத்தி கீறா, ஜெயசித்ரா. திருபுவனைல கம்பெனி வேலைக்கு போறா. பழைய பைல அவ நம்பருதான் போட்டிருந்தேன். இவன் ஒரு நாளு எந்த பஸ்லயோ ஏறி கன்னியகோயில்ல எறங்கி நிக்கிறான். யாரோ ஒரு நல்ல மனுசன் பைய பாத்துட்டு போன் பண்ணிருக்காரு. எடுத்தது அவ வூட்டுக்காரரு. ராங் நம்பருன்னு சொல்லி வெச்சிட்டாரு. அந்த மனுசன் ஆதாருல ஊரு பேர பாத்து அவரே வண்டில கொண்டாந்து வுட்டாரு. ஏன்டி இப்டின்னு கேட்டா அழுவுறா. அழுதுட்டு சிம்ம மாத்திட்டா. எனக்கு அவ மேல கோவம் இல்லன்னு சொன்னா பொய்யி, நல்லா கோவம் கீது. ஆனா அவளுக்கும் ரெண்டு பொண்ணு, அந்தாளு கூட காலந்தள்ளணும். ஹோமு, ஆசிரமம் எல்லாம் கால்ல வுழாத கொறையா கேட்டு பாத்துட்டேன். வலிப்புன்ற வார்த்தைய கேட்டதும் எடம் இல்லன்றாங்க.

என் நம்பரு ஏன் வேணாம்னா, போட்டு இன்னா பிரயோசனம் பாய். அடிச்சா எடுக்க ஆளு இருக்காதே. எனக்கு வவுத்துல கட்டி. பெரியாஸ்பத்திரில தொறந்து பாத்தாங்க, அப்டியே மூடி தச்சிட்டாங்க. பொங்கல பாத்தா பெருசும்மான்னாரு அங்க கீற சின்ன டாக்டரு. வெள்ளத்துக்கு வாங்கல பாய் இந்த பைய. அது வந்தா வருது, வராட்டி போவுது. நான் எழுந்திரிக்காத அன்னிக்குத்தான் இது.

தெனம் சொல்லிக் குடுக்கறேன். நான் செத்த மாதிரி படுத்துக்குவேன். அக்காவ எழுப்புனா எழுந்திருக்கல, இன்னா பண்ணுவ, பைய மாட்டிக்கினு தெருவுக்கு போயி விசில ஊதணும்னு. எழுப்புவான். நான் அசைய மாட்டேன். பைய ஒழுங்கா மாட்டிக்கிறான், அது வரைக்கும் சரியா பண்றான். மாட்டிக்கினு வந்து என் பக்கத்துலயே படுத்துக்கிறான்.

அதான் உங்கள கேக்குறேன், உங்க கடை நம்பர போட்டுக்கட்டுமா? உங்கப்பா காலத்துலேந்து போர்டுல அதே நம்பருதான் கீது, நீங்க மாத்த மாட்டீங்க. பயப்படாதீங்க பாய். அவன வூட்டுல வெச்சிக்க சொல்லல, ஒரு வேள சோறு கூட கேக்கல. எவனாவது எங்கேந்தாவது போன் பண்ணி, இந்த மாதிரி ஒருத்தன் பைய மாட்டிக்கினு நிக்கிறான், உங்களுக்கு தெரியுமான்னு கேட்டா, ராங் நம்பருன்னு மட்டும் வெச்சிடாதீங்க. தெரியும், அவன் பேரு கலைவேந்தன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. ஒலகத்துல ஒருத்தருக்காவது அவன் பேரு தெரிஞ்சிருந்தா எனக்கு போதும்.

இன்னா பாய், அப்டியே நிக்கிறீங்க, பேனால மை இல்லியா?