தாம்பூலப் பையில் போன கூட்டம்

நேற்று நடந்த கபடி லீக் ஆட்டத்துக்குச் சொந்தக் காசில் டிக்கெட் வாங்கிப் போன புத்திசாலி நான். என் வரிசையில் என்னைத் தவிர நாற்காலிகள்தான் இருந்தன. இன்று பொள்ளாச்சி பஸ்ஸில் பின்சீட்டிலிருந்து ஒரு குரல் கேட்டது.

“கணக்குல நேத்து ஸ்டேடியம் ஃபுல்லுங்கண்ணா.”

பேச்சிலிருந்து தெரிந்தது: சொன்னவர் டீம் ஆபீஸில் இலவச பாஸ் கொடுக்கிற இளைஞர். கேட்டுக்கொண்டிருந்தவர், அந்த டீமில் ஆடும் பையனின் அப்பா.

“ஈ காக்கா இல்லையே தம்பி?”

“கல்யாண மண்டபத்துல தாம்பூலப் பைக்குள்ள தேங்காயோட ஆளுக்கொரு பாஸ் போட்டுக் குடுத்தோமுங்க. குடுத்துட்டா வந்த மாதிரித்தானுங்க கணக்கு.”

“எங்கூட்டுக்கும் ஒரு பை வந்துச்சு. தேங்காயச் சட்னி அரைச்சுப்போட்டோம். பாஸைப் பாக்கவே இல்ல. நான் பையன் குடுத்த பாஸ்லதான் வந்தேன்.”

“அப்ப கணக்குல நீங்க ரெண்டு பேருங்கண்ணா.”

“இத்தன கூட்டத்த வெச்சுக்கிட்டு ஏன் தம்பி டீமை வேற ஊருக்குக் கொண்டுபோறாங்க? பையனையும் கூட்டிட்டுப் போவாங்களா?”

“இல்லைங்கண்ணா. அங்க அந்த ஊர்ப் பசங்களத்தான் எடுப்பாங்களாமா. ஓனர் இத்தன நாளும் கணக்க நம்பிட்டுத்தான் இருந்தாருங்க. நேத்து நேர்லயே வந்துட்டாரு.”

பஸ் கிணத்துக்கடவு தாண்டியது. அப்பா சொன்னார்: “ஆட்டம் முடியற வரைக்கும் பையன் என்னையவே பாத்துட்டிருந்தான் தம்பி. பாக்கறதுக்கு வேற ஆளில்ல.”

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பையனுக்காகக் காசு கொடுத்துப் போனவன் நான் ஒருவனாவது உண்டே என்றேன்.

“ஏனுங்க, நீங்கதான் பாதி ஆட்டத்துலயே எந்திரிச்சு ஊட்டுக்கு வந்துட்டீங்களே,” என்றாள்.