கடைசி ரீல் வரை உயிரோடு

என் வீட்டுக்காரர் நல்ல மனிதர், ஐயா. சாப்பாட்டில் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. புருஷன் பெயரை நான் வாயால் சொல்வதில்லை. சினிமா டைட்டிலில் கைலாசம் என்று போடுவார்கள். அதைச் சொன்னால் தோஷமில்லை.

பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிற குடும்பம் எங்களுடையது. தறியைத் தம்பியிடம் விட்டுவிட்டு இவர் மெட்ராசுக்கு நடிக்கப் போனார். கிடைத்ததெல்லாம் கதாநாயகனுடைய அப்பா வேஷம். மூன்றாவது ரீலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவார். அதற்குப் பிறகுதான் கதையே ஆரம்பிக்கும். சாவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

படம் நம் ஊர்க் கொட்டகைக்கு வந்தால், மறுநாள் காலையில் தெருப் பெண்கள் என்னிடம் துக்கம் கேட்க வருவார்கள். முதலில் கேலிக்குத்தான் வந்தார்கள். போகப்போக அது வழக்கமாகிவிட்டது. என்னைக் கட்டிக்கொண்டு அழுவார்கள்; நானும் அழுவேன். அவர் உள்ளே காபி குடித்துக்கொண்டிருப்பார். அந்த வாரம் முழுக்கக் குழாயடியில் என் குடத்துக்குத்தான் முதலிடம். பூக்காரி என் வாசலில் மட்டும் கூவாமல் போவாள். மரியாதை தெரிந்தவள்.

லீவில் வந்தால் வீட்டிலேயே ஒத்திகை பார்ப்பார். படப்பிடிப்பில் சாகிற காட்சி முடிந்ததும் காமிராவைப் பார்த்துச் சிரித்துவிட வேண்டுமாம், இல்லாவிட்டால் அபசகுனம். அதனால் வீட்டிலும் செத்து முடித்ததும் எழுந்து உட்கார்ந்து சிரிப்பார். பக்கத்து வீட்டு ரேணுகாம்பாள் அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டுத்தான் போவாள்.

போன ஆடியில் ஒரு படம் வந்தது. காமெடி வேஷம். படம் முடிகிறவரை உயிரோடு இருந்தார். கொட்டகையில் ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. மறுநாள் என் வீட்டுக்கு ஒருத்தியும் வரவில்லை. குழாயடியில் எல்லம்மாள் என் குடத்தை ஓரமாக நகர்த்தினாள்.

"இன்னாக்கா, மாமா இந்தப் படத்துல சும்மாவே சுத்திக்கினு இருக்குறாரு?"

அன்று சாயந்திரம் அவரிடம் பக்குவமாகத்தான் பேசினேன். இது உங்களுக்கு வராது, பழைய வேஷத்துக்கே போங்கள் என்றேன்.

"இனிமே சாவ மாட்டேன் மங்கை. கம்பெனில சொல்லிட்டேன்" என்றார்.

அத்தனை வருஷம் சம்பாதித்த பெயர், ஐயா. பெண்டாட்டி பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா?

வெள்ளிக்கிழமை சுக்கு, மிளகு தூக்கலாகப் போட்டு, குடலையில் அவித்துத் துண்டு போடுகிற நம் ஊர் இட்லி செய்தேன். அரளி விதையும் அரைத்துச் சேர்த்தேன். நன்றாக இருக்கிறது என்று இன்னும் ஒரு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பிறகு தறிக்குப் பக்கத்தில் விழுந்தார்.

சத்தம் கேட்டு ரேணுகாம்பாள் வந்து, வழக்கம்போல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அண்ணே, போதும், எழுந்து சிரிங்க. அடுப்புல பால் வெச்சிட்டு வந்திருக்குறேன்."

"இன்னும் கொஞ்சம் இருக்குதும்மா" என்றேன்.

பால் பொங்கிய வாடை வந்ததும்தான் அவள் எழுந்தாள். இன்றைக்கு அண்ணன் சரியாகச் செய்யவில்லை, கைகால் ரொம்ப உதறுகிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் செத்துக்கொண்டிருக்கிறவரிடம் குறை சொல்லக் கூடாது என்று விட்டுவிட்டேன்.

அவர் பெயர் கெடக் கூடாது என்றுதான் செய்தேன். எனக்கென்று இதில் எதுவும் வேண்டியிருக்கவில்லை. எழுதிவிட்டீர்களா? கையெழுத்துப் போடுகிறேன். ஜீப்பை மட்டும் கொஞ்சம் தாமதமாக எடுக்கச் சொல்லுங்கள். கடைசித் தெருப் பெண்கள் இப்போதுதான் வந்துகொண்டிருக்கிறார்கள். நான் இன்னும் அழ ஆரம்பிக்கவில்லை.