தாம்சன் எழுதிய வரி

கொஞ்சம் பொறுங்கள்… தத்துவத்தை ஓரமாக வைத்துவிட்டு ஒரு சின்னக் கதை சொல்லிவிடுகிறேன்.

நைஜீரியாவிலிருந்து உலோமா என்றொரு பெண் நம் ஊர்ப் பல்கலைக்கழகத்துக்கு அரசியல் ஆய்வு செய்ய வந்தாள். பல வருட உழைப்பு. கடைசியில் அரங்கில் எல்லார் முன்னிலையிலும் வாய்மொழித் தேர்வு. தேறினால் டாக்டர். தேறாவிட்டால்? விசா அந்த மாதத்தோடு சரி… மூட்டை கட்ட வேண்டியதுதான்.

தேர்வாளராக ஒரு பெரிய பேராசிரியர். பெயர் சொல்லமாட்டேன். என் வேலைக்கான நேர்காணலிலும் நடு நாற்காலியில் அவர்தான் உட்கார்ந்திருந்தார். அது வேறு கதை… நான் மறக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆய்வேட்டைப் புரட்டினார். ஓரிடத்தில் நின்றார். உரக்க வாசித்தார்: "அதிகாரம் என்பது கட்டளையிடுவது அல்ல, கட்டளையிட்டவரை நம் வாசலுக்கு வரவழைத்துப் பதில் சொல்லவைப்பது. தாம்சன்."

"ஆகா… இதாம்மா தியரி. வெள்ளைக்காரன் வெள்ளைக்காரன்தான். தாம்சனுக்கு எந்த ஊரு, லண்டனா?"

உலோமா சொன்னாள்: "லாகோஸ், சார். மொடுபே தாம்சன். எங்க நாட்டுல அரசியல் எழுதற ஒரு அம்மா. அடிமைத்தனத்திலிருந்து மீண்டு வந்த குடும்பங்கள்ல இப்படி இங்கிலீஷ் பேர் உண்டு."

பேராசிரியர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"ஓ… அப்ப இது கள அனுபவம்மா. தியரி அத்தியாயத்துல வேணாம். பின்னிணைப்புல போட்டுத் திருத்திக் கொண்டா, கையெழுத்துப் போடறேன்."

கவனித்தீர்களா? வரி அதே வரி. ஓர் எழுத்து மாறவில்லை. ஆனால் போன நிமிடம் தத்துவம்… இந்த நிமிடம் பின்னிணைப்பு.

உலோமாவின் வழிகாட்டி எஸ்தர் மேடம் பக்கத்தில் குனிந்து, "சரின்னு சொல்லிடு தாயே, விசா இருக்கு" என்கிறார். சொன்னாளா?

"திருத்துறேன் சார். ஆனா காரணம் வேணுமே. இப்பத்தான் தியரின்னு சொன்னீங்க, இங்க எல்லாரும் கேட்டாங்க. நடுவுல என்ன மாறிச்சுன்னு நீங்களே எழுதிக் கொடுங்க."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "எழுதுங்க சார், நாங்களும் படிச்சுக்கறோம்."

பேனாவைத் திறந்தார்… யோசித்தார்… என்ன எழுதுவார்? "எழுதியவர் பெண்" என்றா? "கறுப்புப் பெண்" என்றா? நெஞ்சுக்குள் நினைக்கலாம். கீழே கையெழுத்துப் போட்டு எழுத முடியுமா?

முடியவில்லை. "பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன்" என்று மட்டும் எழுதினார். பொன்னாடைக்குக்கூட நிற்காமல் காரில் ஏறிவிட்டார்.

இப்போது உங்களைக் கேட்கிறேன்… ஆப்பிரிக்கப் பெண்கள் அரசியலைப் பற்றிச் சிந்திக்கவில்லை என்று நமக்கு யார் சொன்னது? ஐரோப்பியர் தம் தெருவில் கண்டதை எழுதினால் தத்துவம். அவள் தன் தெருவில் கண்டதை எழுதினால் அனுபவம். இந்தத் தராசை யார் செய்தது?

நாளைக் காலை உங்கள் பாடத்திட்டத்தை எடுத்துக்கொண்டு துறைத் தலைவரிடம் போங்கள். இதில் ஏன் ஓர் ஆப்பிரிக்கப் பெண்கூட இல்லை என்று கேளுங்கள். "இடமில்லை" என்பார்கள், "தரமில்லை" என்பார்கள். வாயால் சொல்வதை வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள்.

காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள்.