மேலச்சுவர் சொன்ன பதில்

எந்தச் சுவரையும் ஒரு தட்டுத் தட்டிக் காதை வைத்தேனென்றால், அதைக் கட்டின கொத்தனார் அன்று காலையில் புட்டு தின்றானா இட்லி தின்றானா என்பதுவரை சொல்லிவிடுவேன். சிரிக்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. நியாஸ் அகமதும் இப்படித்தான் சிரித்தார்.

நான் எபினேசர், ஓய்வுபெற்ற எஸ்டிமேட்டர். நியாஸ் கடையநல்லூர்க்காரர். சவூதியில் சம்பாதித்த அவ்வளவையும் போட்டு, புளியங்குடி ரோட்டில் மூடிக்கிடந்த பஞ்சு மில்லை வாங்கியிருந்தார். கூரை உயரம் குறையாமல் உள்ளேயே பாதி மாடி போட்டு, வீடுவீடாக்கி விற்க என்ன செலவாகும் என்று பார்க்க என்னை அழைத்துப்போனார்.

மேற்குப் பக்கத்து மேலச்சுவரைத் தட்டினேன். நல்ல பதில்தான் சொன்னது. ஆனால் வாசலில் டீக்கடை மருதப்பனும் நாலு பேரும் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். நல்ல சுவர் என்று சொல்வதில் என்ன ருசி இருக்கிறது?

"ஆடித்தபசுக்குள்ள இது விழுந்துரும். இடிச்சுப் புதுசாக் கட்டணும். செலவு ரெட்டிப்பு" என்றேன்.

நியாஸ் ஏதோ மெஷினை வைத்துப் பார்த்தார். "அண்ணாச்சி, குறுக்க போற இரும்புக் கம்பியெல்லாம் இழுத்துப் பிடிச்சிருக்கு. நம்ம பேரப்புள்ளைய காலத்துக்கும் நிக்கும்."

அவர் சொன்னது சரி. சிக்கலே அதுதான்.

அப்புறம் எந்தத் தெருவில் போனாலும் அந்தச் சுவர்தான் வழிமறித்தது. மருதப்பன் டீயை ஆற்றிக்கொண்டே, "என்ன வே, சுவரு இன்னும் நிக்கு? உம்ம காதை நல்லாக் குடைஞ்சுட்டு மறுபடி போய்க் கேளும்" என்பான். சர்ச்சில் ஜெபத்துக்கு நடுவில்கூட ஒருவர் கேட்டார். சொன்ன சொல்லுக்குள் மாட்டிக்கொண்ட மனுசன் என்ன செய்வான்?

அந்தக் கம்பிகளின் நுனியைச் சுவருக்கு வெளியே தட்டு வைத்து நட்டுப் போட்டு முறுக்கியிருக்கும். மில் ஓடிய காலத்தில் வருஷாவருஷம் முறுக்குவார்கள். நான் காலை நடைக்கு ஒரு ஸ்பேனர் கொண்டுபோய்த் தினம் ஒரு நட்டாகத் தளர்த்தினேன். அவ்வளவே.

தபசு அன்று ஊரே கோயில் பக்கம் போயிருந்தது. நியாஸ் மில்லுக்குள்ளே அந்தச் சுவரோடு ஒட்டி நாற்காலி போட்டு, டீ குடித்துக்கொண்டிருந்தார். "வாங்க அண்ணாச்சி, சுவரு உங்களுக்கு ஸலாம் சொல்லுது."

நான் வெளியே மூலைக்குப் போய்க் கடைசி நட்டைக் கழற்றினேன். அவர் அங்கே இருப்பது தெரியும். ஆனால் அவரை நான் தொடக்கூட இல்லை, ஐயா.

சுவர் வெளியே சாய்ந்தது, கூரை உள்ளே இறங்கியது. தூசி அடங்கியபோது உத்தரத்துக்கு அடியில் ஒரு சந்து, அதில் அவர் முகம்.

"நெஞ்சு மேல கிடக்கு அண்ணாச்சி. ஆளைக் கூப்பிடுங்க."

"கூப்பிடுதேன். சுவர் விழுந்துச்சா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

தண்ணீர் கேட்டார். உம்மாவைக் கூப்பிட்டார். நான் ஒரு செங்கலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எனக்கு அவசரமில்லை.

அந்த வார்த்தை வந்ததும் ஓடினேன், ஒரு நொடி தாமதிக்கவில்லை. ஆள் வருவதற்குள் அவர் அடங்கிவிட்டார். கேட்டவன் நான் ஒருவன்தான். அதனால்தான் இவ்வளவும் சொல்லுகிறேன். அவர் சொன்னதை அப்படியே எழுதி, மருதப்பனுக்கும் வாசித்துக் காட்டுங்கள்:

"விழுந்துட்டு அண்ணாச்சி. நீங்க சொன்னபடியே விழுந்துட்டு."