பதினொன்றாவது கையெழுத்து

பளபளப்புத் தாளில் அச்சிட்ட படத்தின் மேல் சாதாரணப் பேனா எழுதாது, வழுக்கும். அதற்கென்று எண்ணெய் மைப் பேனா இருக்கிறது. எழுதி முடித்ததும் கை படாமல் காய விட வேண்டும். இந்தச் சின்ன விஷயம் தெரியாமல் நல்ல நல்ல கையெழுத்துகளை உள்ளங்கையால் தேய்த்துப் பாழாக்கியவர்கள் உண்டு.

ஆட்டக்காரர்கள் பேருந்தில் ஏறும் வாசலில் நிற்கும் கூட்டத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வியர்வை நாற்றம், எச்சில் தெறிக்கும் கூச்சல், ஒருவன் முதுகின் மேல் இன்னொருவன் தாள். சட்டையில் வாங்குவான், முழங்கையில் வாங்குவான், ஒன்றும் கிடைக்காவிட்டால் வாய் துடைத்த காகிதத்தில் வாங்குவான். எனக்கு அருவருப்பாக இருக்கும். நான் அந்த ரகம் இல்லை. வங்கியில் காசோலைக் கையெழுத்துகளைச் சரிபார்க்கும் நாற்காலியில் இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு கையெழுத்துக்குத் தரவேண்டிய மரியாதை எனக்குத் தெரியும்.

நீங்கள் கேட்ட படத்துக்கு வருகிறேன். கோப்பை வென்ற பழைய கால்பந்து அணி. பதினொரு பேர். அவர்களில் பத்துப் பேரிடம் நான் நேரில் போய் வாங்கினேன். சிலர் சிரித்துக்கொண்டே போட்டார்கள், சிலர் நாயைப் போல விரட்டிவிட்டுப் பிறகு போட்டார்கள். இடதுபக்கத் தடுப்பாட்டக்காரர் வீட்டுக்கு நான் போன அன்று வாசல் நிறையச் செருப்புகள். உள்ளே அவர் மகளைக் கிடத்தியிருந்தார்கள். அன்று அவர் முன்னால் எதை நீட்டினாலும் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நானும் நீட்டினேன். தெளிவான கையெழுத்து. துளிகூட நடுங்கவில்லை.

மிச்சம் இருந்தவர் கோல்கீப்பர். ஊரே அவரைச் ‘சுவர்’ என்று கூப்பிட்டது. அவர் யாருக்கும் கையெழுத்துப் போடுவதில்லை. ஒரு காலத்தில் போட்டவர்தான். ஒருநாள் மைதான வாசலில் கையெழுத்துக் கூட்டம் முண்டியடித்ததில், அவர் கையைப் பிடித்திருந்த சின்ன மகள் கீழே விழுந்து மிதிபட்டாள். முழங்கை முறிந்து கோணலாகவே கூடியது. அன்றோடு ரசிகர்களுக்குக் கையெழுத்துப் போடுவதை விட்டுவிட்டார்.

அந்த மகள்தான் என் மனைவி.

கையெழுத்துக்காகவே நான் அவளைக் கட்டிக்கொண்டேன் என்று அவள் சொன்னதாக எழுதி வைத்திருக்கிறீர்கள். அது முழுக்கச் சரியில்லை. அவளையும் எனக்குப் பிடித்திருந்தது.

பெண் கேட்டுப் போனபோதே படத்தையும் கொண்டுபோயிருந்தேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“மாப்பிள்ளை, என் பொண்ணையே குடுக்கறேன். இதை மட்டும் கேக்காதீங்க” என்றார்.

சரி மாமா என்றேன். கல்யாணப் பதிவேட்டில் சாட்சியாக அவர் போட்ட கையெழுத்து பதிவு அலுவலகத்தோடு போய்விட்டது. அதன் மேல் மை உறிஞ்சும் தாளை அழுத்திய குமாஸ்தாவைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. பிறகு வருஷக்கணக்கில் நான் வாயே திறக்கவில்லை. பொறுமை இல்லாதவனுக்கு இந்தப் பொழுதுபோக்கு ஆகாது.

போன மழைக்காலத்தில் மாமாவுக்குப் பக்கவாதம் வந்தது. இடதுபக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறியது. வலது கை மட்டும் நல்லபடியாக இருந்தது, நடுக்கத்தைத் தவிர. எங்கள் வீட்டிலேயே பின்னறையில் கட்டில் போட்டோம். மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள், காலையில் போனால் சாயங்காலம்தான் வருவாள். பகலெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நானாகவே சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

படுக்கையில் கிடப்பவரின் உடம்பைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடைவாயில் சதா ஒரு கோழை நூல் தொங்கும். புளித்த வாடை அறையை விட்டுப் போகவே போகாது. பந்துகளைப் பறந்து பிடித்த அந்தக் கைகளின் விரலிடுக்குகளில் வெள்ளை வெள்ளையாகத் தோல் உரிந்து கிடந்தது. முகத்தைச் சுளிக்காமல் எல்லாவற்றையும் துடைத்தேன். பெற்ற பிள்ளைகூடச் செய்யமாட்டான் என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள்.

உடற்பயிற்சி சொல்லித்தர வந்த பெண்ணிடம், மாமாவுக்கு எழுத்துப் பழக்கலாமா என்று கேட்டேன்.

“தாராளமா செய்யுங்க சார், கைக்கு நல்லதுதான். ஆனா வற்புறுத்தாதீங்க” என்றாள். கூடவே இன்னொன்றும் சொன்னாள். “தண்ணிய மட்டும் அப்படியே குடுத்திடாதீங்க. இந்தப் பொடியக் கலந்து, கெட்டியாக்கி, தலைய நிமித்தி வச்சு, ஸ்பூன்லதான் குடுக்கணும். இல்லன்னா நுரையீரலுக்குள்ள போயிடும்.”

அதனால் தண்ணீர் என் கையில் இருந்தது.

சாப்பாட்டை நான் ஒருவேளைகூட நிறுத்தியதில்லை. கஞ்சி வேளாவேளைக்குப் போனது. தண்ணீரை மட்டும் கொஞ்சம் தள்ளிப்போட்டேன். தாளையும் பேனாவையும் முதலில் வைப்பேன், கிண்ணத்தை அவர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வைப்பேன். குழந்தைக்கு மிட்டாய் காட்டி எழுதவைக்கிற மாதிரிதான். முதலில் பேனாவைத் தட்டிவிட்டார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோடை பிறந்ததும் கோடு போட ஆரம்பித்தார். ஒரு கோட்டுக்கு ஒரு ஸ்பூன்.

மனைவி ஒருநாள் கேட்டாள். “அப்பாவுக்கு உதடு ஏங்க இப்படி வெடிச்சிருக்கு? தண்ணி குடிக்கிறாரா?”

“குடிக்கிறாரே. வெயில் அப்படி.”

அவர் அவளையே பார்த்துக்கொண்டு வாயைத் திறந்தார். குழறலாக என்னவோ வந்தது. “அழாதப்பா, மாப்பிள்ளைதான் பக்கத்துலயே இருக்காரே” என்று அவள் அவர் தலையைக் கோதிவிட்டாள். அவள் அவர் கட்டிலில் கட்டிவைத்த மணியை மறுநாள் அவிழ்த்து அலமாரியில் வைத்தேன். நை நை என்று அடித்துக்கொண்டே இருந்தால் பயிற்சியில் கவனம் போகாது.

ஒரு மத்தியானம் நான் சாப்பிட்டுவிட்டு வந்தபோது, உடம்பு துடைக்கும் ஈரத்துணியை வாயில் திணித்துச் சப்பிக்கொண்டிருந்தார். காலையில் அவர் பின்புறத்தைத் துடைத்த துணி அது. இவரைப் பார்க்கவா மைதானமே எழுந்து நின்றது என்று தோன்றியது. துணியைப் பிடுங்கி அலசி, எட்டாத இடத்தில் காயப்போட்டேன். அதன்பின் ஜன்னல் வழியாக அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருப்பார். சொட்டும்.

மறுவாரம் கை நன்றாகவே பழகிவிட்டது. எழுத்துகள் எழுத்துகளாக வந்தன. அன்று காலையிலிருந்து ஒரு ஸ்பூன்கூடக் கொடுக்காமல் வைத்திருந்தேன். மத்தியானம் தாளுக்குப் பதில் படத்தையே பலகையில் வைத்து அவர் மடிமேல் நிறுத்தினேன். விரல்களுக்குள் எண்ணெய் மைப் பேனாவைச் செருகினேன்.

“மாமா, இது ஒண்ணுதான். இதுக்கப்புறம் வயிறு நிறையக் குடிக்கலாம்.”

அவர் படத்தில் இருந்த தன் முகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுதினார். மெதுவாக, நாக்கைக் கடித்துக்கொண்டு, கோல் கம்பத்தின் குறுக்கே எழுதினார். என் கண் நிறைந்துவிட்டது. படத்தைத் தூக்கி முன்னறை மேசையில் வைத்து மின்விசிறியை மெல்லச் சுழலவிட்டேன்.

திரும்பி வரும்போதுதான் அந்த யோசனை வந்தது. இந்தக் கை இப்போது பழகிய கை. நாளைக்கு அந்த உடற்பயிற்சிப் பெண் நீட்டினாலும் போட்டுக் கொடுத்துவிடும். தெருவில் போகிறவன் தாகத்துக்கு ஒரு மடக்குக் கொடுத்துவிட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவான். அப்புறம் என்னுடையதற்கு என்ன மதிப்பு? அவரை அந்தச் சிறுமைக்கு விடக்கூடாது என்று முடிவு செய்தேன்.

தலையணைகளை உருவி அவரை மட்டமாகக் கிடத்தினேன். பெரிய சொம்பு நிறையக் குளிர்ந்த தண்ணீர் கொண்டுவந்தேன். பொடி கலக்கவில்லை. அவருக்கும் தெரிந்திருக்கும், சொம்பைப் பார்த்ததும் கண்ணை மூடினார். ஆனாலும் வாய் தானாகத் திறந்தது. முழுவதையும் ஊற்றினேன். முதல் மடக்கை அவர் விழுங்கினார் என்று நினைக்கிறேன். பிறகு இருமினார், பிறகு கால் அடித்துக்கொண்டது. சத்தம் நின்றதும் முகத்தையும் கழுத்தையும் துடைத்துத் தலையணைகளைத் திரும்ப வைத்தேன். ஆமாம், தெரிந்தேதான் செய்தேன். இதை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ளலாம்.

சாயங்காலம் மனைவி வந்தாள். அப்பாவின் காலடியில் உட்கார்ந்து அழுதாள், எழுந்து யாருக்கோ போன் செய்ய முன்னறைக்குப் போனாள். மேசையில் படத்தைப் பார்த்தாள். குனிந்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைப் போல எழுத்துக் கூட்டினாள்.

“இது பேர் இல்லங்க” என்றாள். “தண்ணின்னு எழுதியிருக்கார்.”

அதன் பிறகுதான் அவள் உங்களைக் கூப்பிட்டது.

அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. பழக்கம் இல்லாதவர்கள் கையெழுத்தை எழுத்துக் கூட்டித்தான் படிப்பார்கள். நான் இத்தனை வருஷம் அதையே பார்த்துப் பிழைத்தவன், எனக்குத் தெரியாதா? தயவுசெய்து படத்தை அந்த ஜன்னலோரம் வைக்காதீர்கள் சார். வெயில் பட்டால் மாமாவின் பெயர் மங்கிவிடும்.